மலைமகளுக்குக் கடல் எதற்கு?

காரவள்ளி அடிவாரத்திலிருந்து புறப்படும் சாலை, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேற்பரப்பை அடைகிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று தமிழர் போற்றும் இம்மலையில் பதினான்கு நாடுகள் உள்ளன. நாடு என்றதும் வாசகர்கள் பெரிய அரசு ஒன்றை எண்ணிவிட வேண்டாம். சில சிற்றூர்களும் அவற்றைச் சூழ்ந்த வயல்களும் காடுகளும் சேர்ந்ததே இங்கு ஒரு நாடு. அவற்றுள் ஒன்று குண்டூர் நாடு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலங்கள் பலவற்றில் இன்று மரவள்ளியும் மிளகும் காப்பியும் இடம் பிடித்திருக்கின்றன. பலா மரங்கள் மட்டும் அன்றுபோல் இன்றும் காய்த்துக் குலுங்குகின்றன.

கோடை விடுமுறையில் ஒரு நாள் குண்டூர் நாட்டில் நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். மாலை நேரம். வீட்டுத் தலைவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. கடற்கரை நகர் ஒன்றில் கல்லூரியில் பயிலும் அவருடைய மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் அவள் சேர்ந்திருக்கிறாள். பத்து நாள் கடற்பயிற்சி முகாமுக்குச் செல்லப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதற்கான தாள்தான் அது.

"ஐயா, நீங்கள் பல ஊர் பார்த்தவர். பாப்பா கடலுக்குள் போய்ப் படகு ஓட்டிப் பழகப் போகிறாளாம். கையெழுத்துப் போடுங்கள் அப்பா என்கிறாள். மலையில் பிறந்த பிள்ளைக்குக் கடல் எதற்கு ஐயா?" என்று கேட்டார் அவர்.

மூன்று தலைமுறை ஒரே திண்ணையில் இருந்தது. தாத்தா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மகள் கதவோரம் நின்று நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எளிய கேள்விதான். ஆனால் நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. காலையில் சொல்வதாகக் கூறிவிட்டுப் படுக்கச் சென்றோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நாம் காட்டிய இடம்

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் மாணவர் விடுதி ஒன்றின் பொறுப்பில் நாம் இருந்தோம். ஓர் ஆண்டு விடுதிப் பிள்ளைகளைக் கடற்கரைத் திருத்தலம் ஒன்றுக்குத் திருப்பயணம் அழைத்துச் சென்றோம். திருப்பலி முடிந்தது. பிள்ளைகள் கடலில் குளிக்க ஆசைப்பட்டார்கள். அவர்களுள் மலையிலிருந்து வந்த ஒரு மாணவனும் இருந்தான். ஓடையிலும் கிணற்றிலும் மீன்போல் நீந்துவான். அவனுக்குக் கடல் அன்றுதான் முதல் காட்சி.

கரையோரம் எங்கும் அலைகள் உடைந்துகொண்டிருந்தன. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அலை அடங்கி, நீர் சற்றுக் கருத்து அமைதியாகத் தோன்றியது. "அதோ, அங்கே அலை இல்லை, அங்கே குளியுங்கள்" என்று கையை நீட்டிக் காட்டியவர்கள் நாமே.

சிறிது நேரத்தில் அவன் கரையை விட்டு விலகிப் போவதைக் கண்டோம். அவன் அஞ்சவில்லை. கரையை நோக்கி நேராக, வலுவாக நீந்தினான். நீந்த நீந்த இருந்த இடத்திலேயே இருந்தான். பின்னர் அதுவும் இல்லை. கட்டுமரத்தில் விரைந்த மீனவர்கள் பொழுது சாயும் வேளையில் அவன் உடலைத்தான் கொண்டுவந்தார்கள்.

அவர்களுள் முதியவர் ஒருவர் நம் அருகில் வந்து அமர்ந்தார். "அலை அடங்கின இடத்தில்தான் ஐயா கடல் இழுக்கும். உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. நமக்குத் தெரியாது. பட்டம் பெற்றிருந்தோம், பிள்ளைகளுக்குப் புவியியலும் கற்பித்திருந்தோம், அது தெரியாது. அந்தத் தாயின் முன் நின்றபோதும் நம்மிடம் சொல்வதற்கு வேறு சொல் இருக்கவில்லை.

இரண்டு சாலேம்கள்

திண்ணையில் கேட்ட கேள்விக்கு விடை தேடி உறக்கமின்றிக் கிடந்த அவ்விரவில், முன்பு படித்த வரலாறு ஒன்று நினைவுக்கு வந்தது.

கொல்லிமலை 1997இல் நாமக்கல் மாவட்டம் பிரியும் வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஜெர்மனி நாட்டிலும் சாலேம் என்றோர் ஊர் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் துறவியர் அங்கு மடம் நிறுவி, மெல்கிசெதேக் அரசாண்ட விவிலிய நகரின் பெயரை அதற்கு இட்டனர். அமைதி என்பது அதன் பொருள். நம் சேலத்தின் பெயருக்கு வேர் வேறு. ஒலி மட்டுமே ஒன்று. அந்த மடத்துக் கட்டடங்களில் 1920இல் கூர்ட் ஹான் என்னும் கல்வியாளர், பாடன் இளவரசர் மாக்ஸின் துணையுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். யூதக் குடும்பத்தில் பிறந்த ஹான் ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்தார். 1933இல் சிறைப்பட்டு, விடுதலையானதும் பிரிட்டனுக்குச் சென்றார். 1934இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் கோர்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார். அங்கே மாணவர்கள் பாய்மரக் கப்பலோட்டக் கற்றதோடு, கரையோரம் நின்று கடலைக் காவல் காக்கவும் பழகினர்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தன. உயிர்காப்புப் படகுகளில் தப்பியவர்களுள் வலிமைமிக்க இளைஞர்கள் முதலில் மடிவதும், வயதான மாலுமிகள் பிழைத்து வருவதும் கண்டு கப்பல் நிறுவன அதிபர் லாரன்ஸ் ஹோல்ட் திகைத்தார். பாய்மரக் காலத்தில் வளர்ந்த முதியோருக்குக் கடலின் இயல்பும் தம் இயல்பும் தெரிந்திருந்தன. இளைஞருக்கு உடல் வலிமை மட்டுமே இருந்தது என்பது அவர் கண்ட முடிவு. எனவே அவரும் ஹானும் சேர்ந்து 1941இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி கடற்கரையில் ஏறத்தாழ ஒரு திங்கள் நீடிக்கும் பயிற்சியைத் தொடங்கினர். 'அவுட்வர்டு பவுண்டு' என்பது அதன் பெயர். துறைமுகத்தை விட்டுப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல் அது. படகோட்டம், மலையேற்றம், மீட்புப் பணி என்று அதன் பாடங்கள் அமைந்தன. மலையும் கடலும் தொடக்கத்திலேயே அதில் இணைந்திருந்தன என்பதை நம் குண்டூர் நாட்டார் கருத வேண்டும்.

அப்பயிற்சி பல நாடுகளுக்குப் பரவியது. நம் தமிழ் மக்கள் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில், உபின் தீவில் 1967இல் அதன் பள்ளி திறக்கப்பட்டது. உயர்நிலைப்பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவர் அனைவரும் ஐந்து நாள் பயிற்சி பெற வேண்டும் என்ற திட்டத்தை 2016இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற வேறுபாடின்றி ஒரே படகில் துடுப்பிடும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிகின்றனர் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

ஹானின் கருத்தில் உருவான மற்றொரு நிறுவனம் 1962இல் வேல்ஸில் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரி. அதன் மாணவர்கள் மீட்புப் படகுச் சேவையில் பணியாற்றினர். கல்லூரித் தலைவராயிருந்த கடற்படை அதிகாரி டெஸ்மண்ட் ஹோரும் மாணவரும் சேர்ந்து, உறுதியான அடித்தளமும் காற்றடைத்த பக்கங்களும் கொண்ட படகு வகையை உருவாக்கினர். இன்று உலகெங்கும் கடல் மீட்புப் பணியில் அவ்வகைப் படகுகள் விரைகின்றன. மாணவப் பருவத்துக் கடற்கல்வி எத்தனையோ உயிர்களைக் கரைசேர்க்கும் கருவியாயிற்று.

நமது கரையில்

அயல்நாட்டுக் கதை எதற்கு என்பீர்கள். நம் நாட்டிலும் வழி உண்டு. 1948இல் அமைந்த தேசிய மாணவர் படையில் தரைப்படை, விமானப்படைப் பிரிவுகளோடு கடற்படைப் பிரிவும் உள்ளது. மாணவர், மாணவியர் இருபாலரும் அதில் பயில்கின்றனர். துடுப்பிடுதல், பாய்மரம் ஏற்றி இறக்குதல், கயிற்று முடிச்சுகள், கொடி அசைத்துச் செய்தி அனுப்புதல், கப்பல் மாதிரி செய்தல் ஆகியவை அவர்களுடைய பாடங்கள். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு மாணவ மாணவியர் பாய்மரப் படகுகளில் சென்று திரும்பும் பயணங்கள் அண்மை ஆண்டுகளில் நடைபெற்றுள்ளன. கடலூர், பரங்கிப்பேட்டை, பூம்புகார், தரங்கம்பாடி என நம் வரலாறு பதிந்த துறைகள் அக்கரையோரம் வரிசையாக உள்ளன.

பெண் பிள்ளையாயிற்றே என்று தயங்குவோர்க்கும் விடை இருக்கிறது. 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து தாரிணி என்னும் பாய்மரக் கலத்தில் இந்தியக் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர் மட்டுமே புறப்பட்டு உலகைச் சுற்றினர். எட்டுத் திங்களுக்குப் பின், 2025 மே 29ஆம் நாள் கோவா திரும்பினர். ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி.

கொல்லிமலைக்கும் கடலுக்கும் உறவே இல்லை என்று எண்ணுவதும் பிழை. ஆகாய கங்கையாக வீழும் ஐயாறு காவிரிப் படுகையைச் சேர்ந்தது. காவிரியோ பூம்புகாரில் கடலோடு கலக்கிறது. மலையிலிருந்து நேர்கோட்டில் அத்துறை ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவு. கொல்லிமலையில் சாமையையும் தினையையும் காக்க 1990களிலிருந்து பணிபுரிந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமே, பூம்புகாரில் மீனவர்க்கான பயிற்சி மையத்தையும் நடத்தி வந்துள்ளது. சாமை விதையையும் அலையின் குறிப்பையும் அறிந்த எளிய மக்களின் அறிவு அழியக் கூடாது என்பதே இரு பணிகளுக்கும் அடிப்படை.

அந்த மீனவ அறிவைச் சற்றுப் பாருங்கள். வடக்கிலிருந்து வீசுவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். கடல் நீரோட்டத்தை நீவாடு என்பர். சோழமண்டலக் கரையில் வன்னி, தெண்டி என்று ஓட்டங்களுக்குத் தனிப்பெயரும் உண்டு. விடியுமுன் நிலத்திலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துப் போவதும், பிற்பகலில் கடலிலிருந்து எழும் காற்றில் திரும்புவதும் இயந்திரம் வருமுன் அவர்களுடைய அன்றாட ஒழுங்கு.

குமரிக் கரையில் கணியம் என்றொரு கலை உண்டு. கடலடியில் மீன் மிகுந்த பாறைப் பகுதி பார் எனப்படும். கரை தெரியும் தொலைவில் அதன் இடத்தைக் குறிக்க, அருகிலுள்ள ஒரு பனையையோ கோவில் கோபுரத்தையோ, பின்னால் தொலைவில் உள்ள மலைச் சிகரத்தோடு நேர்கோட்டில் பொருத்துவர். மற்றொரு திசையிலும் அவ்வாறே செய்வர். இரு கோடுகளும் சந்திக்கும் இடமே பார். ஆகவே கடலோடிக்கும் மலை வேண்டும். மலையைப் பார்த்துத்தான் அவன் தன் இடத்தை அறிகிறான்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் இத்தகைய கடலோடி மக்களிடையேதான் நற்செய்தி அறிவித்தார். நம் திருச்சபையின் தமிழ்க் குடும்பத்தில் கடலை அறிந்தோரும் மலையை அறிந்தோரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். ஆயினும் ஒருவர் அறிந்ததை மற்றவர் கற்றதில்லை. நாம் அன்று இழந்த பிள்ளை அந்தக் குறைக்குப் பலியானவன்.

ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியது

ஆண்டுதோறும் ஆரோக்கிய அன்னையின் திருவிழாவுக்கு உள்நாட்டு மாவட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் வேளாங்கண்ணிக்குச் செல்கிறோம். கடலில் கால் நனைக்காமல் திரும்புவோர் குறைவு. எனவே கடற்பயிற்சியில் முதலில் கற்பிக்கும் பாடத்தை இங்கே எழுதுவது நம் கடமை.

அலைகள் கரைக்குக் கொண்டுவரும் நீர் எப்படியேனும் கடலுக்குத் திரும்ப வேண்டும். சில இடங்களில் அது குறுகிய வாய்க்கால்போல் ஒன்றுகூடி விரைந்து வெளியேறுகிறது. அவ்விடத்தில் ஆழம் கூடுதலாக இருப்பதால் அலை உடைவதில்லை. நீர் கருத்தோ, மணல் கலந்து கலங்கியோ, நுரை கடலை நோக்கி நகர்வதாகவோ தோன்றும். அறியாதவர் கண்ணுக்கு அதுவே பாதுகாப்பான இடம். அந்த ஓட்டம் வலுக்கும்போது தேர்ந்த நீச்சல் வீரராலும் அதை எதிர்த்து வெல்ல முடியாது.

ஆனால் அது மனிதனை அடியில் இழுப்பதில்லை. கரையை விட்டு வெளியே மட்டுமே இழுக்கிறது. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் களைப்பும் அச்சமுமே. எனவே அகப்பட்டவர் கரையை நோக்கி நேராக நீந்தக் கூடாது. மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகி, அலை உடையும் இடத்தை அடைந்து, அலையோடு கரை சேர வேண்டும். கரையில் நிற்பவர் பதறிக் குதிக்கலாகாது. ஒருவரைக் காக்கக் குதித்து இருவர் மாண்ட துயரங்கள் பல. மூடிய வெற்றுக் குடம், நெகிழிக் கேன், கயிறு, சேலை, எது கிடைக்கிறதோ அதை எறிய வேண்டும். உடனே மீனவரையோ கடலோரக் காவலரையோ அழைக்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் உலகில் நீரில் மூழ்கி மாண்டனர். 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் மரணத்துக்கான காரணங்களில் இது மூன்றாம் இடத்தில் உள்ளது. 2024 மே 6ஆம் நாள் குமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். தொலைவிலுள்ள கடலில் எழுந்து, உள்ளூரில் காற்றோ மழையோ இன்றித் திடீரெனக் கரையில் மோதும் பேரலைக்கு மீனவர் இட்ட பெயர் கள்ளக்கடல். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் அந்நாட்களில் அதற்கான எச்சரிக்கையை விடுத்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டுப் பொருள் கொள்ளும் பழக்கமும் கடற்கல்வியில் ஒரு பகுதியே.

சின்னப்பரின் கப்பல்

மறுநாள் காலை செபத்துக்கு விவிலியத்தைத் திறந்தபோது அப்போஸ்தலர் பணி நூலின் 27ஆம் அதிகாரத்தைத் தேடிப் படித்தோம். புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குச் சென்ற கப்பல் புயலில் சிக்கிய வரலாறு அது. பலமுறை படித்த பகுதிதான். அன்று அது கடற்கல்வியின் பாடநூலாகவே நமக்குத் தோன்றிற்று.

பயணத்துக்குரிய காலம் கடந்துவிட்டது என்று சின்னப்பர் முதலிலேயே எச்சரிக்கிறார், கேட்பார் இல்லை. புயலில் கப்பலைச் சுற்றிக் கயிறு கட்டுகிறார்கள். பதினான்காம் இரவு மாலுமிகள் நிலம் நெருங்குவதை உணர்ந்து ஆழம் பார்க்கின்றனர். இருபது பாகம். சற்றுத் தொலைவில் பதினைந்து பாகம். பாறையில் மோதாதிருக்கப் பின்புறத்தில் நான்கு நங்கூரங்களை இறக்கி, விடியலுக்காக வேண்டுகின்றனர். கடல் அறிந்த மாலுமிகள் சிறு படகில் தாங்கள் மட்டும் தப்ப முயல, அவர்கள் கப்பலில் இராவிட்டால் எவரும் பிழைக்க முடியாது என்று சின்னப்பர் தடுக்கிறார். பின் அப்பத்தை எடுத்து, இறைவனுக்கு நன்றி கூறி, உண்ணுகிறார். அனைவரையும் உண்ணச் செய்கிறார். இறுதியில் நீந்தத் தெரிந்தவர் முதலில் குதிக்கின்றனர். மற்றவர் பலகைகளைப் பற்றிக்கொள்கின்றனர். கப்பலில் இருந்தோர் 276 பேர். அனைவரும் மால்டாத் தீவில் கரை சேர்ந்தனர்.

சின்னப்பரின் விசுவாசம் நங்கூரத்தையும் அளவு கயிற்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. திறன் படைத்தவர்கள் பிறரை விட்டு ஓடாமல் இருக்கச் செய்தது. நீந்தக் கற்பதும் முடிச்சிடக் கற்பதும் தன் உயிருக்காக மட்டுமன்று என்பதே நாம் அங்கு கண்ட பாடம்.

கற்ற பிள்ளை, காத்த உயிர்கள்

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. தமிழகத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டனர். நாகை மாவட்டமே மிகுதியாக இழந்தது. வேளாங்கண்ணியில் மாண்டவர்களில் உள்நாட்டிலிருந்து திருப்பயணம் வந்தோர் பலர். பல கரைகளில் அலைக்கு முன் கடல் உள்வாங்கியது. மணல் வெளியைக் காண மக்கள் ஓடிச் சென்றனர். அது ஓட வேண்டிய நேரம். கடலை நோக்கியன்று, மேட்டை நோக்கி.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி பெற்றோருடன் கரையில் இருந்தாள். கடல் நுரைத்துப் பொங்கும் விதத்தைக் கண்டதும், இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றது அவள் நினைவுக்கு வந்தது. பெற்றோரிடம் அழுது வற்புறுத்தினாள். கரை காலி செய்யப்பட்டது. ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். இந்தோனேசியாவின் சிமலூ தீவிலோ, 1907ஆம் ஆண்டின் பேரலையைப் பாட்டிமார் கதையாகச் சொல்லி வந்தனர். நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அக்கதையின் சாரம். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அத்தீவு மக்களில் மாண்டவர் ஒருசிலரே.

ஆயினும், பயிற்சி என்ற பெயரில் பிள்ளைகளை எவரிடமும் ஒப்படைத்துவிடலாம் என்று நாம் கூறவில்லை. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சிறு படகுப் பயிற்சிக்குச் சென்ற பள்ளி மாணவர் நால்வர் மாண்டனர். தகுதியான பயிற்றுநரும் போதிய முன்னேற்பாடும் இல்லாமையே காரணம் என்று தெரிந்தது. அதன் விளைவாக 1995இல் அந்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆகவே பெற்றோர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பயிற்சி தருபவரின் தகுதி என்ன? ஒவ்வொரு பிள்ளைக்கும் மிதவை உடை உண்டா? உடன் மீட்புப் படகு செல்கிறதா? காற்றும் கடலும் பொல்லாததானால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது? இக்கேள்விகளைக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் எந்தப் பெற்றோரும் அவற்றைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாம் விழித்திருப்போம்.

திண்ணையில் சொன்ன விடை

காலையில் அதே திண்ணையில் அமர்ந்தோம். இங்கு எழுதியவற்றின் சுருக்கத்தை அவருக்குச் சொன்னோம். இறந்த மாணவனைப் பற்றியும் மறைக்காமல் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் மகளை அழைத்து நான்கு கேள்விகளையும் கேட்டார். மூன்றுக்கு அவள் உடனே விடை கூறினாள். மீட்புப் படகைப் பற்றி மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. முகாம் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் பேசிக் கேட்டாள். உண்டு என்றார்கள். தந்தை தாமும் ஒருமுறை பேசி உறுதி செய்துகொண்டார்.

அதுவரை வாய் திறவாதிருந்த தாத்தா, "அங்கே முதலில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள், பாப்பா?" என்று கேட்டார். அவள் உள்ளே சென்று ஒரு கயிற்றுத் துண்டைக் கொண்டுவந்து, எவ்வளவு இழுத்தாலும் இறுகாத ஒரு வளையத்தை முடிந்து காட்டினாள். மாலுமிகள் பௌலைன் என்று அழைக்கும் முடிச்சு அது. நீரில் தத்தளிப்பவரின் இடுப்பில் அதைப் போட்டு இழுத்தால் உடலை நெரிக்காது.

தாத்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாறையில் தேன் எடுக்க இறங்குகிறவன் இடுப்புக்கு நாங்களும் இறுகாத முடிச்சுதான் போடுவோம். மேலே கயிற்றைப் பிடிக்கிறவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தங்கச்சியின் தாலி நினைவில் இருந்தால் கை நழுவாது" என்று கூறிச் சிரித்தார். பிறகு தம் முடிச்சைப் போட்டுக் காட்டினார். கயிறு செல்லும் வழி சற்று வேறு. செய்யும் வேலை ஒன்றே. பேத்தி அதை இரண்டு முறை அவிழ்த்துக் கற்றுக்கொண்டாள். முகாமில் மற்றவர்களுக்குக் காட்டப் போவதாகச் சொன்னாள்.

தந்தை தாளில் கையெழுத்திட்டார். "மலையில் பிறந்த பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று கேட்டேன். அந்தப் பையனும் மலையில் பிறந்தவன்தானே ஐயா" என்றார்.

நாம் தலையசைத்தோம்.

அன்பார்ந்த பெற்றோரே, இவ்வாண்டும் திருப்பயணம் செல்வீர்கள். கடலுக்கு அருகில் சென்றதும் பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் கரையில் நில்லுங்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையவில்லை என்று அவர்களுக்குக் காட்டுங்கள். அருகில் வலை பின்னும் மீனவர் ஒருவர் இருந்தால், இங்கே குளிக்கலாமா என்று அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் கேட்டுத் திரும்பி விடுங்கள். பங்குகளிலும் பள்ளிகளிலும் இளைஞர்க்கு முகாம் நடத்துவோர், நம் கடலோர மறைமாவட்டங்களின் மீனவப் பெரியோரை ஆசிரியர்களாக அழையுங்கள். அவர்கள் பிள்ளைகளும் நம் மலைக்கு வரட்டும். சாமை விதைப்பதையும் தேன் எடுப்பதையும் கற்றுச் செல்லட்டும்.

கலிலேயாக் கடலில் படகு தத்தளித்தபோது சீடர்களோடு அதே படகில் இருந்த ஆண்டவர், நம் பிள்ளைகளின் படகிலும் இருப்பாராக. துடுப்பைப் பிடிக்கும் திறனை அவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பை அவர் நம்மிடம் விட்டிருக்கிறார்.